இப்பியும் சிப்பியும்: ஒரு சொல்லின் இரு வாழ்வுகள்

மேற்கு மலைகளிலிருந்து இறங்கும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. அவ்வாறு திட்டக்குடியைக் கடந்து, விருத்தாசலத்தின் வழியே வரும் மணிமுத்தாற்றையும் தன்னுள் ஏற்று, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலில் கலக்கிறது. கழிமுகத்தில் மீனவர் மட்டி அள்ளுவதை இன்றும் காணலாம். கடலிலிருந்து வெகுதொலைவு விலகி நிற்கும் திட்டக்குடிப் பக்கத்திலும் கடலுயிர்களின் ஓடுகளுக்குக் குறைவில்லை. ஆற்றைக் கடந்து தெற்கே அரியலூர்ப் பகுதிக்குச் சென்றால், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் நின்றதற்குச் சான்றாக, கல்லாகிப்போன சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறைகளில் பெரும்பகுதி இத்தகைய ஓடுகளால் ஆனது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்லும் கல்லில் அவையும் அரைபடுகின்றன.

இந்த ஓட்டை நாம் 'சிப்பி' என்கிறோம். நம் முன்னோரின் செய்யுட்கள் 'இப்பி' என்றன. ஓரெழுத்து வேறுபாடுடைய இவ்விரு சொற்களும் ஒன்றா, வேறா? ஒன்றாயின், ஒன்று ஏட்டிலும் மற்றொன்று நாவிலும் தங்கியது ஏன்? முத்துக் குளித்தலோடும் முத்து வணிகத்தோடும் பல நூற்றாண்டுகள் பிணைந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இது வெறும் அகராதிச் சிக்கல் அன்று. கொடுக்கல் வாங்கலில் ஒரு பொருளை எப்பெயரிட்டு அழைக்கிறோம் என்பது மார்க்கச் சட்டத்தில் எத்துணை முக்கியமானது என்பதை இவ்விரு சொற்களின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பழந்தமிழில் இப்பி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது, தொடுவுணர்வோடு சுவையுணர்வும் உடையவற்றை ஈரறிவுயிர் என்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அது கூறுபவை நந்து, முரள் என்னும் இரண்டு. பழைய உரை இவ்விரண்டையும் இனப்பெயர்களாகக் கொண்டு விரிக்கிறது: சங்கு, நத்தை முதலியன நந்தின் இனம், இப்பி, கிளிஞ்சில், ஏரல் முதலியன முரளின் இனம். இப்பகுப்பு வியப்புக்குரியது. முதல் தொகுதியில் உள்ளவை சுருண்ட ஒற்றையோடு உடையவை; இரண்டாம் தொகுதியில் உள்ளவை கதவுபோலத் திறந்து மூடும் இரட்டையோடு உடையவை. இன்றைய விலங்கியலும் இதே வேறுபாட்டைக் கொண்டே இவற்றை இரு வகுப்புகளாகப் பிரிக்கிறது.

உரையாசிரியர் இங்கே சிப்பி என்னாமல் இப்பி என்றதை நாம் கருத வேண்டும். அவர் காலத்துப் புலமை மொழியில் உயிரினத்தின் பெயர் இப்பியே. சங்கப் பாடல்களிலும் இப்பியே வழங்குகிறது. பொருந்தில் இளங்கீரனார் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய புறநானூற்று 53ஆம் பாடல், இப்பி ஈன்ற முத்தைக் காட்டியே தொடங்குகிறது. இவ்வழக்கில் ஒரு போக்கு தெளிவாகப் புலப்படுகிறது. இப்பி என்று சொன்னவுடன் புலவரின் நெஞ்சம் முத்துக்குத் தாவிவிடும். ஓட்டுக்கென்றோ ஊனுக்கென்றோ அச்சொல் சிறப்பாக வேண்டப்படவில்லை. முத்தின் தாய் என்ற உறவே அதன் பெருமை.

ஒரே வேரின் இரு வடிவங்கள்

சிப்பி என்பது 'சுக்தி' என்னும் வடசொல்லின் சிதைவு, இப்பியே தூய தமிழ் என்று கூறுவாரும் உளர். ஒலியியல் இதற்கு இடந்தரவில்லை. சுக்தி பிராகிருதத்தில் 'சுத்தி' என்றே முறைப்படி திரியும். 'சிப்பி' என்று திரிவதற்கு வழியில்லை. பாலி மொழியிலும் பிராகிருதத்திலும் காணப்படும் 'ஸிப்பி', இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'ஸீப்' ஆகியவை சுக்தியிலிருந்து பிறந்தவை அல்ல. திராவிட மொழிகளிலிருந்து வடக்கே சென்றவை எனக் கொள்வதே பொருத்தம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இப்பி, சிப்பி இரண்டையும் ஒரே பதிவில் வைத்து, மலையாளச் சிப்பி, கன்னடச் சிப்பு, தெலுங்குச் சிப்ப ஆகியவற்றையும் அவற்றோடு சேர்க்கிறது. ஆகவே இவை உறவுச் சொற்கள் மட்டுமல்ல. ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.

இவற்றுள் எது மூத்தது? சொல்லின் முதலில் நின்ற சகரம் தென்திராவிட மொழிகளில், சிறப்பாகத் தமிழில், மறைந்துபோவது பலரும் அறிந்த மாற்றம். சிறகு இறகானதும், சமணர் அமணரானதும் நாம் அறிந்தவையே. கன்னடத்தில் சாவிரம் எனப்படுவது தமிழில் ஆயிரமாக நிற்கிறது. சீஹளம் என்னும் நாட்டுப் பெயர் தமிழில் ஈழம் என வழங்குவதும் இதே முறையில்தான். இவ்வரிசையில் வைத்துப் பார்த்தால் சிப்பியே முன்னைய வடிவம். சகரம் தேய்ந்த பின்னைய வடிவமே இப்பி. தமிழ்ப் பேச்சில் சிப்பி தொன்றுதொட்டு அழியாமல் நின்றிருக்கலாம். அண்டை மொழிகளின் தொடர்பால் மீண்டும் வந்து குடியேறியிருக்கவும் கூடும். எவ்வழியாயினும், செய்யுளில் முந்தி இடம்பெற்றது இப்பி. ஒலியில் முந்தியது சிப்பி.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஏட்டில் உள்ளது செம்மை, நாவில் உள்ளது கொச்சை என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுவது நம்மிடையே ஒரு வழக்கம். நம் கடற்கரை ஊர்களின் பேச்சுத்தமிழும் இத்தீர்ப்புக்குத் தப்பியதில்லை. மீனவரும் குளியாளும் வணிகரும் வாய்வழியே காத்த வடிவத்தில், புலவர் கைவிட்ட பழைய மெய்யெழுத்து உயிரோடு இருப்பதைச் சிப்பி நமக்குக் காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். பழைய நூல்களில் கைவினைஞரைக் குறிக்கும் 'சிப்பியர்' என்னும் சொல் இதனோடு தொடர்புடையதன்று. அது சில்பம் என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாயினும் குடி வேறு.

பொருள் விரிந்த சிப்பி

இப்பியின் பொருள் முத்தைச் சுற்றியே நின்றது. சிப்பியின் பொருளோ நாற்றிசையும் விரிந்தது. உயிருள்ள முத்துச்சிப்பியும் சிப்பிதான். கரையில் ஒதுங்கிய வெற்றோடும் சிப்பிதான். அண்டை மொழிகளில் இவ்விரிவு மேலும் தெளிவு. தெலுங்கில் தேங்காய் மூடி 'கொப்பரிச் சிப்ப' எனப்படும். முழங்கால் மூட்டின் சில்லும் சிப்பவே. கன்னடத்திலும் தேங்காய் ஓடு சிப்பு ஆகும். குழிந்த, கடினமான, ஒன்றை மூடிக்காக்கும் எதையும் இச்சொல் தழுவிக்கொண்டது. தமிழில் ஊர்ப் பெயர்களிலும் அது ஏறியுள்ளது. தூத்துக்குடிக் கடற்கரையில் சிப்பிகுளம் உண்டு; உள்நாட்டில் சிப்பிப்பாறை உண்டு. அண்மைக் காலத்தில் பயிரிடப்படும் காளான் வகைக்கும் அதன் வடிவு நோக்கிச் சிப்பிக்காளான் என்று பெயரிட்டோம். இப்பிக்காளான் என்று எவரும் கூறவில்லை. புதுப் பொருளுக்குப் பெயர் ஈனும் ஆற்றல் இப்பிக்கு வற்றிவிட்டது, சிப்பிக்கு வற்றவில்லை.

ஓட்டின் பெயர் வேறு பொருளுக்குச் செல்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. திட்டக்குடிக்கு அண்மையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். பீங்கானுக்கு ஐரோப்பியர் வழங்கும் 'போர்சலின்' என்னும் பெயர், சோழியைக் குறித்த 'போர்செல்லானா' என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சீனத்து மண்கலத்தின் வெண்மையும் வழவழப்பும் அவர்களுக்குச் சோழியை நினைவூட்டின. மார்க்கோ போலோவின் பயண நூலில் அச்சொல் சோழிக்கும் கலத்துக்கும் ஒருங்கே வழங்குகிறது. தமிழரோ அக்கலத்தின் பெயரைப் பாரசீகப் 'பிங்கான்' என்பதிலிருந்து பெற்றனர். அரபியில் கோப்பையைக் குறிக்கும் 'ஃபின்ஜான்' அதன் உடன்பிறப்பு. ஒரே பொருளுக்கு மேற்கே கடலோட்டின் பெயரும் இங்கே பாரசீகக் கிண்ணத்தின் பெயரும் அமைந்தன. வணிகர் எவ்வழியே வந்தனரோ அவ்வழியே சொற்களும் வந்தன.

சலாபமும் சந்தையும்

முத்துக் குளித்தலின் வரலாறு நீண்டது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்', கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தின் செழிப்பை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் பதிவு செய்தனர். அரபுக் குதிரைகள் இறங்கிய அத்துறையில் பாண்டியரின் அமைச்சராக விளங்கியவர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான். 14ஆம் நூற்றாண்டில் இலங்கை சென்ற இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன் முத்துக்கள் குவிக்கப்பட்டிருந்ததைக் கண்டார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கடலில் நுழைந்தபோது முத்துச் சலாபத்தின் உரிமையே போருக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1538இல் வேதாளையில் நிகழ்ந்த மோதலில் முஸ்லிம்களின் கடல் வலிமை பெரும் பின்னடைவு கண்டது.

பின்வந்த ஆட்சிகளின்கீழ்ச் சலாபம் அரசின் தனியுரிமையாக நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் கூடிய சலாபங்களுக்குக் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நம்மவர் சென்றனர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்களும் வந்தனர். அங்கே நிலவிய முறை கவனிக்கத்தக்கது. கடலடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பார்களிலிருந்து எடுத்துவந்தவை கரையில் எண்ணப்படும். மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. இரு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்றைய மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். ஒரு சிப்பியும் திறக்கப்படுவதில்லை. வாங்கியவர் அவற்றை அடைப்புகளில் குவித்து அழுகவிட்டு, பல நாள் கழித்து அலசிய பின்னரே தம் பேற்றை அறிவார். 'ஏலம்' என்னும் சொல்லே போர்த்துக்கீசிய 'லெய்லாங்' வழியாக வந்தது. அதன் மூலம், அறிவிப்பு என்னும் பொருளுடைய அரபு 'அல்இஃலாம்' என்பது அகராதியாளர் பலரின் கருத்து.

இச்சந்தையில் ஒலித்த சொல் சிப்பியே. இப்பி அங்கே நுழையவில்லை. காரணம் எளிது. இப்பி என்பது முத்தை நோக்கி நிற்கும் சொல். சந்தையில் எண்ணப்பட்டதோ ஓடு. முத்து இருக்கிறதோ இல்லையோ, ஆயிரம் சிப்பி ஆயிரம் சிப்பிதான்.

ஸதஃபும் முத்தும்: சட்டத்தின் பார்வை

அரபியில் இவ்வோட்டுக்குரிய சொல் 'ஸதஃப்'. அல்குர்ஆன் முத்தையும் பவளத்தையும் சூரா அர்ரஹ்மானில் (55:22) இறைவனின் அருட்கொடைகளாகக் கூறுகிறது. கடலிலிருந்து அணிகலன் எடுக்கப்படுவதைச் சூரா அந்நஹ்லில் (16:14) நினைவூட்டுகிறது. ஸதஃப் என்னும் சொல் ஓட்டின் பொருளில் அங்கே வரவில்லை. ஆனால் அதே வேரெழுத்துகளைக் கொண்ட 'ஸதஃபைன்' என்னும் இருமைச் சொல், துல்கர்னைன் வரலாற்றில் (18:96) எதிரெதிரே நிற்கும் இரு மலைப்பக்கங்களைக் குறிக்கிறது. எதிரெதிராகப் பொருந்தும் இரண்டு என்ற காட்சி, இரட்டையோட்டுச் சிப்பிக்கும் இசைவானதே.

ஃபிக்ஹு நூல்கள் சிப்பியையும் முத்தையும் கூர்மையாகப் பிரித்துப் பேசுகின்றன. 'ளர்பத்துல் காயிஸ்' என்னும் முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒருமுறை மூழ்கி எழும்போது கையில் கிடைப்பது எதுவாயினும் அதனை இன்ன விலைக்குத் தருவதாக முன்கூட்டியே விற்பதே அது. இவ்வறிவிப்பின் தொடர் பலவீனமானது என ஹதீஸ் அறிஞர் கூறினும், அது உணர்த்தும் நெறி, அறியாப் பொருளை விற்பதில் உள்ள 'கரர்' பற்றிய பொதுவிதியோடு ஒத்தது. கரர் என்னும் சொல்லின் வேர்ப்பொருளே மயக்கி ஏமாற்றுதல். ஹனஃபி மத்ஹபின் 'துர்ருல் முக்தார்', மடியிலுள்ள பாலை விற்பதோடு சிப்பிக்குள் உள்ள முத்தை விற்பதையும் கரர் காரணமாகக் கூடாதென வரிசைப்படுத்துகிறது. வாங்குபவர் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமையுண்டு என்ற அடிப்படையில் அதனை இசையும் கருத்து இமாம் அபூயூசுஃபிடமிருந்து அறிவிக்கப்படுவதும் உண்டு.

இதன் மறுபுறமும் அந்நூல்களில் காணப்படுகிறது. ஒருவர் சிப்பியையே வாங்கி, அதனுள் முத்தைக் கண்டால், அம்முத்து வாங்கியவருக்கே உரியது. மீனை வாங்கி அதன் வயிற்றில் முத்தைக் கண்டாலோ, சட்டம் மேலும் நுணுகிப் பார்க்கிறது. முத்து சிப்பிக்குள் இருந்தால் அது வாங்கியவருக்கு; ஏனெனில் சிப்பி மீனின் உணவு. ஓடின்றித் தனி முத்தாகக் கிடைத்தால் அது விற்றவருக்கு. ஓடு உடனிருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு உடைமையே மாறுகிறது.

இங்கேதான் நம் இரு சொற்களின் வேறுபாடு பொருள் பெறுகிறது. 'இப்பி தருகிறேன்' என்பதில் முத்தின் ஆசை கலந்திருக்கிறது. 'ஆயிரம் சிப்பி தருகிறேன்' என்பதில் கண்முன் உள்ள பொருளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. ஆயினும் இது முழு விடையாகாது. தென்கடல் முத்துச்சிப்பியின் ஓடு மெல்லியது, விலை குறைந்தது, ஊனோ அழுகவிடப்பட்டது. வாங்குவோர் அனைவரும் முத்தையே கருதி விலை கேட்டனர் என்பதை எவரும் மறுக்க இயலாது. பெயர் சிப்பி, நோக்கம் முத்து. சலாபத்துக்கு முன்னரே ஓரளவு சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, அவற்றிலுள்ள முத்துக்களை மதிப்பிட்டு அறிவிக்கும் வழக்கம் இருந்தது. அறியாமையின் அளவை அது குறைத்தது, அடியோடு நீக்கவில்லை. ஒரே ஏலத்தில் ஒருவர் செல்வரானதும் மற்றொருவர் கைப்பொருள் இழந்ததும் இதனாலேயே. சொல்லைத் திருத்திக்கொண்டால் மட்டும் வணிகம் தூய்மையாகிவிடாது. சொல்லும் கருத்தும் பொருந்தியிருக்க வேண்டும் என்பதே சட்ட அறிஞர்களின் கவலை.

ஊனும் ஓடும்

உணவுச் சட்டத்திலும் இப்பெயர் எச்சரிக்கை வேண்டுகிறது. ஷாஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிர்கள் பொதுவாக ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் மீன் இனம் மட்டுமே ஆகும். சிப்பியின் ஊன் அதில் அடங்காது. தமிழகக் கரையோர முஸ்லிம்களில் ஷாஃபிகளும் உள்நாட்டு முஸ்லிம்களில் ஹனஃபிகளும் மிகுதி. எனவே ஒரே வெள்ளாற்றின் கழிமுகத்தில் ஒரு வீட்டின் உணவாகும் மட்டி, ஆற்றின் மேற்பகுதியில் மற்றொரு வீட்டில் விலக்கப்படுவது இயல்பு. ஷாஃபி அறிஞர்களிடையேயும் 'துனைலிஸ்' என்னும் சிறு சிப்பியினம் குறித்துக் கருத்து வேறுபட்டது. இமாம் இப்னு அப்திஸ்ஸலாம் அதனைத் தடுத்தார். இப்னு அத்லானும் அவர் காலத்து அறிஞரும் இசைந்தனர். உயிரினத்தின் பெயரைச் சரியாக அறிந்த பின்னரே தீர்ப்புக் கூற முடியும் என்பதற்கு இதுவும் சான்று.

தமிழில் எழுதுவோர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிப்பி என்பது ஊனையும் ஓட்டையும் ஒருங்கே குறிப்பதால், 'சிப்பி கூடாது' என்று மொழிபெயர்க்கப்படும் தீர்ப்பு, ஓட்டாலான பொத்தானையும் அணிகலனையும் சேர்த்து விலக்குவதாகத் தோன்றக்கூடும். தடை ஊனை உண்பதற்கே. ஓட்டைப் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. சுண்ணாம்புக்காக அள்ளப்படும் ஓட்டைக் கிளிஞ்சல் என்று நம் மக்கள் தனித்துக் கூறியது இவ்வகையில் பயனுடைய வழக்கு. கிளிஞ்சலைக் காளவாயில் நீற்றிப் பெற்ற சுண்ணாம்பு, கரையோரக் கட்டடங்களின் சாந்தாக நூற்றாண்டுகள் உழைத்தது. ஃபிக்ஹு நூல்களைத் தமிழாக்குவோர் 'சிப்பியின் ஊன்', 'சிப்பியோடு' என்று பிரித்தெழுதினால் மயக்கம் நீங்கும்.

முடிவாக

1961க்குப் பின் தூத்துக்குடியில் பெரும் சலாபம் கூடவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியையடுத்த வேப்பலோடையில் முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டது. சிப்பியின் உடலில் கருவொன்றை மனிதரே வைத்து, முத்துப் படலம் படியக் காத்திருக்கும் முறை அது. இயற்கைச் சிப்பியில் முத்து இருக்குமோ என்ற பழைய ஐயத்தைப் பெருமளவு அது குறைத்துவிட்டது. மழைத்துளி ஸதஃபின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்று ஸஅதி 'பூஸ்தானில்' பாடிய கதை இலக்கியத்துக்கு உரியதாகிவிட்டது, இப்பியும் அவ்வாறே.

இப்பி முத்தின் புகழால் ஏட்டில் வாழ்ந்தது. சிப்பி ஓட்டின் எளிமையால் நாவிலும் சந்தையிலும் ஊர்ப்பெயரிலும் வாழ்கிறது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூற மொழிவரலாறு இடந்தரவில்லை. உள்ளே இருக்கக்கூடியதை வைத்து ஒரு பொருளை அழைப்பது கவிஞனுக்குப் பொருந்தும். கையில் இருப்பதை வைத்து அழைப்பதே கொடுக்கல் வாங்கலில் நேர்மை. நம் முன்னோர் செய்யுளில் ஒன்றையும் சந்தையில் மற்றொன்றையும் வழங்கிய வழக்கில் இவ்வேறுபாடு பதிந்து கிடக்கிறது. இரண்டையும் காத்து, இடமறிந்து வழங்குவது நம் கடமை.